பதினேழாம் எண் பேருந்து

டெட்ராய்ட் நகரின் கறுப்பர் குடியிருப்பு ஒன்றுக்குக் குடிவந்து மூன்றே நாளான கோர்டெல், ஒன்பது மணி நேர்காணலுக்காகப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தான். திடீரென்று ஓட்டுநர் லவோண்டா வண்டியைக் குறுக்குத் தெருவில் திருப்பினாள்.

"அக்கா, இது வழி இல்லையே! எனக்கு நேரமாகுது," என்று பதறினான்.

"இந்தத் தெருவுல ஒரு குழந்தைக்கு மூச்சுத்திணறல். அது கையில கட்டியிருக்கிற பட்டை இப்பத்தான் எனக்குத் தகவல் அனுப்பிச்சு. இங்கெல்லாம் கிட்ட இருக்கிற பஸ்தான் ஆம்புலன்ஸ், தம்பி."

ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தே பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் ஒன்றுசேர்ந்து கொண்டுவந்த, ஊரே அறிந்த ஏற்பாடு அது. லவோண்டாவும் அவர்களில் ஒருத்தி.

ஒரு வீட்டு வாசலில், நான்கு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் ஏறினாள். யாரும் சொல்லாமலே பயணிகள் இடம்விட்டார்கள். ஒருவர் இருக்கைக்கு அடியிலிருந்து ஆக்ஸிஜன் உருளையை எடுத்துத் திறந்து, முகமூடியைக் கோர்டெலிடம் கொடுத்தார். அவன் மண்டியிட்டு அதைக் குழந்தையின் முகத்தில் பிடித்தான். சிறுமி அவனுடைய டையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

மருத்துவமனை வாசலிலேயே காத்திருந்த டாக்டர் குழந்தையை வாங்கிப் பார்த்துவிட்டு, "பொழச்சுக்குவா," என்றார்.

கோர்டெல் அலுவலகத்தை அடைந்தபோது மணி ஒன்பதரை. "மன்னிக்கணும் சார், பதினேழாம் நம்பர் பஸ்ஸுல..." என்று தொடங்கினான். மேலாளர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"குழந்தை எப்படி இருக்கு?"