வருஷத்துக்கு ஒரு பாட்டில்

"நாக்கை நீட்டு" என்றார் டாக்டர் சங்கரபாண்டியன்.

சிவசுப்பிரமணியன் நீட்டினான். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், வலது விலாவுக்குக் கீழே விரல்களை ஊன்றி அழுத்தினார். குடிகாரன் என்பதற்கு அந்த உடம்பில் ஓர் அடையாளமும் அகப்படவில்லை.

"எத்தனை நாளா குடிக்கே?"

"ரெண்டு வருசமா, டாக்டர்."

"அப்ப வடிவு இருக்கும்போதேயா? அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும். போன வருசம் பாட்டில எடுத்துக் கையில குடுத்ததே அவதான்."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார். வடிவு மஞ்சள்காமாலையில் போய் எட்டு மாதம் ஆகிறது. கடைசி வாரம் முழுக்க அவர்தான் பார்த்தார். அவள் புருஷன் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா, பி.ஏ. படித்தவன், வெற்றிலைகூடப் போடாதவன் என்று அன்றைக்கெல்லாம் நினைத்திருந்தார்.

போன வருஷம் இந்தத் தொல்லை இல்லை. இப்போது மதுவிலக்கு மறுபடியும் வந்துவிட்டது. குடிக்காமல் இவன் உடம்பு தாங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் பெர்மிட். பெர்மிட்டைக் காட்டினால்தான், இத்தாலிக் கப்பலில் அவன் பெயருக்கு வந்திருக்கும் பாட்டிலைத் துறைமுகச் சுங்கத்தில் தருவார்கள். பத்து நாள் பார்ப்பார்கள். பிறகு உடைத்துக் கொட்டிவிடுவார்கள். மூன்று நாள் போய்விட்டது.

"ஏலே, அப்படி என்ன ஒசந்த சரக்கு அது?"

"ஒசத்தியெல்லாம் இல்ல, டாக்டர். சிவப்பு வைன். அங்க ஒரு லிட்டர் எண்ணெய் வெலைகூட வராதாம். ஆனா அந்த வெலைக்கு அப்படி ஒண்ணு எங்கயும் கெடைக்காதுன்னு கப்பல் கேப்டன் சொல்லுதாரு."

"யாரு காச்சுதா?"

"காச்சுறதில்ல, டாக்டர். புளிக்க வைக்கது. ஒரு பெரியவரு. ஊர்ல அவருக்குக் கிறுக்கருன்னு பேரு. எல்லாரும் ஒரே சாதித் திராட்சையில போட்டா, இவரு நாலு சாதியை ஒண்ணாக் கொட்டுவாரு. அதுலயும் பாதியைக் காம்போட. மரப்பீப்பாயே கெடையாது, சிமெண்டுத் தொட்டிதான். லேபிள்கூட தன் கையாலதான் எழுதுதாரு. அந்தக் கலவையே மகன் சொல்லிக் குடுத்ததாம். மகன் கப்பல் வேலைக்கு வந்துட்டான். அவரு மட்டும் விடாம போட்டுக்கிட்டிருக்காரு."

எட்டு மாதத்தில் அவன் இவ்வளவு பேசி டாக்டர் கேட்டதில்லை. சரக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாக்கு ஓடுகிறது என்று அவர் மனதில் குறித்துக்கொண்டார்.

"சோடா ஊத்தியா, தண்ணி ஊத்தியா?"

"சோடா, டாக்டர்."

"வைன்ல எவம்ல சோடா ஊத்துவான்?" டாக்டர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. "சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"வருசத்துக்கு ஒரு பாட்டில்."

"இந்த நாற்காலியில உக்காருத அத்தன பயலும் கொறைச்சுத்தான் சொல்லுதான். ஆனா இந்த அளவுக்கு எவனும் கொறைச்சதில்ல." பேனாவின் மூடியைத் திறந்தவர், எழுதாமல் நிமிர்ந்தார். "மக எங்க?"

"ஸ்ரீவைகுண்டத்துல. மாமியார்கிட்ட."

"எப்ப கூட்டிட்டு வாரே?"

"தை பொறந்ததும் அனுப்புதேன்னு சொல்லியிருக்காங்க."

"உன் மாமியாரோட தம்பி நயினார் பெர்மிட் ஆபீஸ்லதான இருக்கான்? இந்தக் காகிதம் அவன் மேசைக்குத்தான் போகும். மறுநாளே உன் மாமியா காதுக்குப் போயிரும். குடிகாரன்னு சீல் குத்துன வீட்டுக்கு அவ பொட்டப்புள்ளய அனுப்புவாளா?"

"அனுப்ப மாட்டாங்க."

"தெரிஞ்சுமா வந்து கேக்கே?"

உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று தெருவில் இரைந்துகொண்டு போனது. மகளுக்கு ஒன்றேகால் வயது. போன மாதம் பார்க்கப் போனபோது அவனை அடையாளம் தெரியாமல் அழுதாள். பிறகு அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவிக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். பேனாவை அவளிடமே விட்டுவிட்டு பஸ் ஏறினான்.

"எழுதுங்க, டாக்டர்."

டாக்டர் எழுதினார். சீல் குத்தினார். காகிதத்தை நீட்டியவர், அவன் வாங்கும்போது விரலை எடுக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. பெத்த புள்ளய விட்டுக்குடுத்துக் குடிக்கியே, அப்படி என்னல ருசி அதுல?"

பொய் சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்துவிட்டது. காகிதத்தை மெல்ல உருவி, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"தெரியாது, டாக்டர். அந்தப் பெரியவரு மகனை நம்ம ஊர்லதான பொதைச்சிருக்கு, அந்தக் குழியிலல்லா கொண்டுபோயி ஊத்துதேன்."