கோபக்காரன் தட்டுச் சோறு

சிந்திக் கிடந்த சோற்றுப் பருக்கையைச் சுவரோரமாக உருட்டிக்கொண்டே சிங்காரி எறும்பு மகளிடம் சொன்னாள்: "பாத்தியாடி, இந்தப் பையனுக்குக் கோவம் வந்தா நமக்கு விருந்துதான்!"

காலையில் சாப்பிடாமல் ஓடிய கிஷோர், பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து சிடுசிடுத்தான். ஃபேன் சத்தம் போட்டால் குற்றம், தங்கச்சி பாடினால் குற்றம். வைத்த தட்டையும் தள்ளிவிட்டான். அதோடு விட்டானா? தரையை ஓங்கி உதைத்தான். குட்டி எறும்பு நூலிழையில் தப்பியது.

"இந்த விருந்து வேணாம்மா. உசுரு போயிரும்!"

"போடி. அவன் சிரிச்சா தட்டை வழிச்சுத் தின்னுருவான். அப்புறம் நமக்குப் பட்டினிதான்."

அதற்குள் அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல், பருப்புச் சோற்றில் நெய் ஊற்றிப் பிசைந்து உருண்டை உருண்டையாக அவன் கையில் வைத்தாள். முதல் உருண்டையை முறைத்துக்கொண்டே தின்றான். அடுத்ததற்குத் தானே கை நீட்டினான். வயிறு பாதி நிறைந்ததும் வாய் திறந்தது. சார் தும்மியதில் மூக்குக் கண்ணாடி பறந்த கதையை நடித்தே காட்டினான். அம்மா சிரிக்க, தங்கச்சி சிரிக்க, அவனுக்கும் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பில் வாய்ச் சோறெல்லாம் மழையாகக் கொட்டியது.

சிங்காரி திகைத்து நின்றாள். "அடியே, இத்தனை நாளா நான் தப்பா நெனச்சு, பிள்ளைக்குக் கோவம் வரணும்னு வேண்டிக்கிட்டு..."

"அம்மா, பேசினது போதும், ஓடி வா! நெய் ஊத்தின சோறு!"