சுகிர்தாவின் மினுக்குக் கடை

பழத்தட்டை எங்கே வைப்பது என்று ஞானேஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்தாள். மேசை முழுக்க டேப் சுருள்கள். கதிரைகளில்கூட மஞ்சள் ஜக்கெட்டுகள் குவிந்து கிடந்தன.

"எதுக்குங்கம்மா இதெல்லாம்?" என்று சிரித்தபடி தட்டை வாங்கிக்கொண்டாள் சுகிர்தா. சாயம் போன சுடிதார், தலையில் ஒரு பூகூட இல்லை. ஆட்கள் பார்க்க வரும் நாளில் ஒரு சேலை கட்டத் தெரியாதா என்று ஞானேஸ்வரி மூக்கைச் சுளித்தாள்.

ஞானேஸ்வரியின் மூக்கு சும்மா சுளிக்காது. காலமான கணவர் மாநகரசபையில் கிளார்க். ஒரே மகன் நிரஞ்சன் பேராதனையில் படித்த பட்டதாரி. அரசாங்க நியமனம் இன்று வரும் நாளை வரும் என்று மூன்று வருஷமாக வீட்டில் இருக்கிறான். நடுவில் வந்த ஹோட்டல் வேலை, கடை வேலை எல்லாவற்றையும் "நம்ம தரத்துக்கு ஒத்துவராது" என்று அவளே தட்டிவிட்டாள்.

வேலையில்லாத மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? வந்த தரகர்களும் இப்போது வருவதில்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது இவளுக்காகவே சொன்னது.

போன வாரம் நிரஞ்சனே வாயைத் திறந்தான். "கட்டுகஸ்தோட்டையில சொந்தமா பிஸ்னஸ் பண்ற பொண்ணு ஒண்ணு இருக்கும்மா. நீங்க வந்து ஒரு வார்த்த பேசணும்." இதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன விளக்கம் வேண்டும்? மனதுக்குள் ஒரு நகைக்கடையையே கட்டிக்கொண்டு மகனோடு பஸ் ஏறிவிட்டாள். இந்த இடமும் கைநழுவினால் மகனுக்குக் கல்யாணமே இல்லை என்ற பயம் உள்ளுக்குள் இருந்தது. அதை முகத்தில் காட்டுவாளா?

"என்னம்மா சாமான் இதெல்லாம்?"

"லைட் பட்டா மின்னுற சாமான்ம்மா. டேப், ஜக்கெட், ஸ்டிக்கர். லொறிக்குப் பின்னால, ஓட்டோவுல, பிள்ளைங்க ஸ்கூல் பேக்ல எல்லாம் ஒட்டலாம். கடை தொறந்து ரெண்டு மாசம்தான் ஆகுது."

"ஓ, திருவிழா ஜிகினா மாதிரி."

சுகிர்தா கோபப்படவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கி, போன் வெளிச்சத்தை ஒரு ஜக்கெட்டின் மீது அடித்தாள். இருட்டில் இரண்டு கோடுகள் பளீரென்று எரிந்தன.

"மலை ரோட்டுல பனி எறங்கினா முன்னால நடந்து போற ஆளே டிரைவருக்குத் தெரியாதும்மா. இதப் போட்டா தூரத்துலயே தெரியும்."

"கண்ணு கூசுது. ஷட்டரத் தூக்கும்மா" என்றாள் ஞானேஸ்வரி.

தேத்தண்ணி எதிர்க்கடையிலிருந்து கிளாஸில் வந்தது. பெண் கையால் ஒரு வாய் தேத்தண்ணிக்குக்கூட வழியில்லாத இடத்துக்குப் பழத்தட்டு ஒரு கேடு என்று அவள் நினைத்துக்கொண்டாள். நிரஞ்சன் வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவனைப் போல் உட்கார்ந்திருந்தான்.

"பேச வீட்டுப் பெரியவங்க யாரும் இல்லையாம்மா?"

"அப்பா ஹேவாஹெட்டயில இருக்காரு. இங்க முடிவெடுக்கிறது நான்தான்."

"தேயிலைத் தோட்டத்துலயா?" ஞானேஸ்வரியின் உதடு கோணியது. அவளுடைய சொந்த அப்பா ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்தவர். அதை அவள் மறந்து வெகுகாலம் ஆகிறது.

சுகிர்தா கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நேராவே கேக்குறேன்ம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒருத்தர நம்பி உள்ள எடுக்கிறதுன்னா அவங்க வீட்டுப் பெரியவங்க நேர்ல வந்து பொறுப்பு சொல்லணும். எங்க வழக்கம் அப்படி. உங்க மகன் எப்படி?"

ஞானேஸ்வரிக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை வீட்டுக்காரியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் மகனின் பெருமையை விட்டுக்கொடுக்க முடியுமா?

"என் மகனப் பத்தி ஊரெல்லாம் கேட்டுப் பாரு. குடி, சிகரெட் ஒண்ணும் கெடையாது. அடுத்தவங்க பொருளத் தொட மாட்டான். அவனுக்கு நான் பொறுப்பு, போதுமா?"

"அது போதும்மா." சுகிர்தாவின் முகம் மலர்ந்தது. "இனி தோட்டம் தோட்டமாப் போய் விக்கலாம்னு இருக்கோம். லொறிக்காரங்க, கொழுந்து எடுக்கிறவங்க எல்லார்கிட்டயும் பேசணும். இவரு சிங்களமும் நல்லாப் பேசுறாரு."

"யாரு? என் மகனா?"

"ஆமாம்மா."

ஞானேஸ்வரி எழுந்துவிட்டாள். பயமெல்லாம் போன இடம் தெரியவில்லை, தரம் மட்டும் தலைக்கேறி நின்றது.

"கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளைய ஸ்டிக்கர் ஒட்ட அனுப்புற குடும்பமா இது? பட்டம் படிச்ச புள்ளம்மா அவன். இப்படி ஒரு சம்பந்தம் எங்களுக்கு வேணாம். எந்திரிடா, போவோம்."

"சம்பந்தமா?" சுகிர்தா திகைத்துப்போய் நிரஞ்சனைப் பார்த்தாள்.

நிரஞ்சன் எழுந்தான். தாயின் பக்கம் திரும்பவே இல்லை.

"மெடம், அம்மாதான் பொறுப்பு சொல்லிட்டாங்களே, நாளைக்கே வேலைக்கு வரவா?"