ஒருதரம் கூப்பிட்ட குரல்

மகேந்திரராசாவுக்கு இரண்டு முழங்காலும் விண் விண்ணென்று தெறித்தன. சப்பாத்து வேறு குதியைத் தின்றுகொண்டிருந்தது.

சப்பாத்து அவருடையதல்ல. தவிதே போட்டுக் கழித்தது. இரண்டு சோடி காலுறை மாட்டியும் கால் உள்ளே ஆடியது.

பலெர்மோவில், லிபெர்த்தாத் தெருப் பக்கம், சிஞ்ஞோரா என்று அவர் கூப்பிடும் இத்தாலிய எசமானியின் வீட்டில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. தவிதே அந்த வீட்டுப் பிள்ளை. நாலு வயதில் இவர் கையால் சோறு தின்னத் தொடங்கியவன். இப்போது இருபத்தாறு. குளிர்காலம் வந்தால் பனிச்சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு மடோனியே மலையில் ஏறி இறங்காவிட்டால் அவனுக்குப் பத்தியப்படாது.

தனியே விடத் தாய்க்குப் பயம். அதனால் ஐம்பது வயதுக்கு மேல் இவரும் பலகை மாட்டப் பழகினார்.

"அவனில்லாமல் நீ மட்டும் வந்து நிற்காதே, ராஜா," என்றார் சிஞ்ஞோரா, விடியக் கதவடியில் நின்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஏறத் தொடங்கும்போது வெயில். தூரத்தில் கடல்கூடத் தெரிந்தது. பத்து மணிக்குத் தெற்குக் காற்று வந்து பனியைக் கஞ்சியாக்கியது. பதினொன்றுக்குக் காற்று திசை மாறி, கஞ்சி கண்ணாடியாய் இறுகியது. அதற்குமேல் மூடுபனி. நீட்டிய கையைக் காணவில்லை. போனிலும் சிக்னல் இல்லை.

ஒரு மொட்டை மரத்தடியில் தவிதே நின்றான்.

"கால் ஏலாமல் போட்டுதோ, கிழவா? இதிலை நில்லு. மேலை வழி பாத்திட்டு வாறன்."

சமையற் குசினியில் இவரிடம் பொறுக்கிய தமிழ், பலெர்மோ இழுவையோடு. அவனுடைய சிவப்பு ஜாக்கெட் நாலு எட்டில் வெள்ளைக்குள் கரைந்தது.

மகேந்திரராசா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

லொறியிலிருந்து மூட்டை தள்ளிய மாதிரி எங்கோ ஒரு சத்தம். கிளையில் கிடந்த பனி விழுந்திருக்கும் என்று நினைத்தார்.

பிறகு அது வந்தது.

"ராஜா."

ஒருதரம். அதுவும் கீழேயிருந்து.

தவிதே மேலே போனவன். தவிதே ஒருநாளும் ஒருதரம் கூப்பிட்டது கிடையாது. ராஜா ராஜா ராஜா என்று அடுக்கிக்கொண்டுதான் வருவான், நாலு வயதிலிருந்தே. இந்தக் குரலில் ஈரமில்லை. ஓட்டைக் குழாயில் காற்றுப் போன மாதிரி இருந்தது.

அவருக்கு வாய் வரை 'ஓம்' என்ற பதில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

பதினைந்து வயதில் வன்னிக் காட்டில் மரம் ஏற்றப் போனபோது கூட்டாளிகள் முதலில் சொல்லிக் கொடுத்தது கோடரி பிடிப்பதையல்ல. 'காட்டுக்குள்ளை ஒருதரம் கூப்பிட்டா வாய் திறவாதை. மனுசன் எண்டால் மூண்டு தரம் கூப்பிடுவான்.' வாய் திறந்த ஒருவனைப் பிறகு தேடித் தூக்கி வந்ததை அவரே கண்டிருக்கிறார்.

இரண்டாவதுக்குக் காதைக் கொடுத்தபடி நின்றார்.

வரவில்லை.

நெஞ்சு ஆறியது. தப்பினேன் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் சிவப்பு ஜாக்கெட் திரும்பி வந்தது. பக்கத்தால் கடந்து முன்னுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"நீயே கூப்பிட்டனி?"

அது இறங்கத் தொடங்கியது. இவரும் பின்னால் இறங்கினார்.

செங்குத்து வந்த இடமெல்லாம் அது நின்று பார்த்துப் போனது. தவிதேயும் அப்படித்தான், இவரின் முழங்காலுக்காக நிற்பான். பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும் மயிர்ப்பட்டை ஏறுவதற்கு. இறங்க முன்னம் உரிக்க வேண்டும். இவர் மறப்பார், தவிதே ஏசுவான். இன்றைக்கும் மறந்துபோனார். பட்டை இழுக்க இழுக்கத் தத்தித் தத்தி இறங்கினார்.

யாரும் ஏசவில்லை.

தெருவோரம் வந்ததும் மூடுபனி கத்தியால் வெட்டின மாதிரி முடிந்தது. கார் நின்றது. கதவுப் பிடியில் உறைந்த ஐஸ் யாரும் தொடாமல் இருந்தது.

சிவப்பு ஜாக்கெட்டைக் காணவில்லை.

மகேந்திரராசா மலையைத் திரும்பிப் பார்த்தார். இறங்கிய வழி நெடுக ஒரு சோடி பலகையின் தடம்தான் கிடந்தது. பட்டை உரிக்காத பலகையின் தடம்.

போனில் சிக்னல் வந்திருந்தது. சிஞ்ஞோரா மூன்று தரம் கூப்பிட்டிருந்தார்.

அவர் போன் அடிக்க வந்த மீட்புப் படைக்காரர் பின்னேரத்துக்குள் தவிதேயை எடுத்துவிட்டார்கள். மேலே விளிம்பில் பனித்தட்டு முறிந்து, அவனை வாரிக்கொண்டுபோய் மரத்துக்குக் கீழே பள்ளத்தில் போட்டிருந்தது. மரத்திலிருந்து முப்பதே எட்டு வைக்கும் தூரம். நெஞ்செலும்பு நொறுங்கிக் கிடந்தது. தலையும் ஒரு கையும் பனிக்கு வெளியேதான் இருந்தன.

"ஒரு தடவை கத்தத்தான் மூச்சு இருந்திருக்கும். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் முழித்துக்கொண்டு கிடந்திருப்பான்," என்றார் அவர்களில் ஒருவர். "உமக்கு ஒன்றும் கேட்கவில்லையா?"

"இல்லை," என்றார் மகேந்திரராசா.

சிஞ்ஞோராவிடமும் அதையே சொன்னார். அல்பெர்கேரியாவில் தன் வீட்டில், அவர் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றிவிட்ட மனைவி ரதியிடமும் அதையே சொன்னார்.

தவிதேக்கு அவர் கொடுக்கவேண்டிய கடன் ஒரேயொரு 'ஓம்'. அது இன்னும் பாக்கி.