துணைக்குக் குடித்த மருந்து

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. ஓசூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சிரித்துச் சிரித்துச் சொன்னது.

ஜூஜுவாடிக்குப் பக்கத்தில் திம்மராயன் என்றொரு விவசாயி. அப்போது இந்தத் தமிழ்நாட்டுப் பக்கம் மதுவிலக்கு. எல்லை தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளியில் சாராயக் கடை. சாயங்காலமானால் ஊரில் பாதிப் பேருக்கு அங்கே ஏதாவது அவசர வேலை வந்துவிடும். திம்மராயன் மட்டும் ஒரு சொட்டு தொட்டதில்லை.

மகள் காவேரியைக் குடிகாரனுக்குக் கொடுப்பதில்லை என்று சபதம். கண்டுபிடிக்க வழியும் வைத்திருந்தார். ஈரல் கெட்டால் நகம் காட்டிக் கொடுக்கும் என்று சந்தையில் யாரோ சொல்லியிருந்தார்கள். எப்படிக் காட்டிக் கொடுக்கும் என்று அவர் கேட்கவில்லை. தன் நகத்தைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொண்டார்.

அம்மாவோடு பெண் பார்க்க வந்தான் பக்கத்து ஊர் முனிராஜ்.

"கையை நீட்டு மாப்ளே."

நீட்டினான்.

"சிவப்பு! நஞ்சம்மா, பாருடி, பத்து விரலும் சிவப்பு! அத்திப்பள்ளி சரக்கு அப்படியே நகத்துல நிக்குது!"

"பச்சப் புள்ளைக்கும் நகம் அப்படித்தானுங்களே இருக்கும்?" என்றாள் மனைவி நஞ்சம்மா.

"உனக்கென்ன தெரியும்? சுத்தமான மனுசன் நகம் இதோ!" தன் கையை விரித்தார். பத்தும் மல்லிகை வெள்ளை. நுனியில் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு.

"அந்தக் கோடு?" என்றான் முனிராஜ்.

"அது திருஷ்டிக்கு!"

முனிராஜ் அந்த நகங்களையே பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க சொல்றது நெசந்தான் மாமா. ஈரல்தான் கெட்டுப் போச்சு."

"அடப்பாவி!" என்று அவன் முதுகில் அம்மா ஒன்று வைத்தாள். உள்ளே காவேரியின் வளையல் சத்தம் நின்றது. சம்பந்தம் அதோடு போயிற்று என்று எல்லோரும் எழுந்தார்கள்.

"கிருஷ்ணகிரி டாக்டர்கிட்டப் போகணும் மாமா. தனியாப் போக பயமா இருக்கு. துணைக்கு நீங்க வரணும்."

கால் வீங்கியபோதுகூட, "ஆஸ்பத்திரிக்குப் போனா என்னையும் குடிகாரன்னுவாங்க" என்று மறுத்தவர் திம்மராயன். ஆனால் ஒரு குடிகாரனைத் திருத்தும் புண்ணியத்தை விடுவாரா? மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அவனை ஏற்றிக்கொண்டு போனார்.

டாக்டரிடம் முனிராஜ் முதலில் தனியாகப் போய்ப் பேசினான். பிறகு இவரையும் கூப்பிட்டார்கள்.

"நல்ல ஈரலோட ஒப்பிட்டுப் பாக்கணும்" என்று டாக்டர் இவர் வயிற்றையும் அமுக்கினார். ஆளுக்கொரு பாட்டில் மருந்து கொடுத்தார். சாப்பாட்டில் உப்புக் கூடாது என்றார்.

"எனக்கெதுக்குங்க?"

"துணைக்கு ஆளில்லேன்னா பையன் மருந்தைக் கொட்டிடுவான்."

அன்றிலிருந்து தினமும் முனிராஜ் சைக்கிளில் வருவான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி, ஒரே மடக்கில் குடிப்பார்கள். திம்மராயன் முகம் எட்டுக் கோணலாகும்.

"குடிச்சவன் அவன், உப்பில்லாக் களி எனக்கு!" என்று ஊரெல்லாம் பெருமை பேசினார். முனிராஜுக்கு 'ஈரல்' என்றே பட்டப்பெயர் விழுந்தது. பையன்கள் சைக்கிளைத் துரத்திக்கொண்டு கத்துவார்கள். அவனும் மணியடித்துக்கொண்டு போவான்.

ராகி அறுவடைக்குள் திம்மராயனின் கால் வீக்கம் வடிந்தது. வரப்பில் ஓடினார். "நான் திருத்தின பையன், நான்தான் பொண்ணு கொடுக்கணும்" என்று காவேரியையும் கட்டிக் கொடுத்தார்.

கேட்டதை அப்படியே எழுதப் பயந்து, கிருஷ்ணகிரி போய் அந்த டாக்டரின் கம்பவுண்டரை விசாரித்தேன்.

ஈரல் கெட்டால் நகம் வெளுக்குமாம், சிவக்காதாம். குடிக்காதவருக்கும் ஈரல் கெடுமாம். முனிராஜின் அண்ணன் குடிக்காமலேயே அப்படி வெளுத்துப் போய்ச் செத்தவனாம்.

முனிராஜின் பாட்டிலில் மட்டும் டாக்டர் ஊற்றச் சொன்னது நன்னாரி சர்பத்.