மன்னார்க் கழுதை

"ஓம் எண்டு ஒரு சொல் எழுதுங்கோ அல்பேட் அண்ணை. கோணேஸ் அண்ணையைக் குறூப்பில இருந்து எடுத்துவிடுறன்."

லண்டனில் இருந்து றொஜிதன் எழுதியிருந்தான். மட்ச் தொடங்கப் பத்து நிமிசம் இருந்தது.

இங்கிலாந்து உதைபந்தாட்டம் பற்றிக் கதைக்கிற எங்கள் தமிழ்க் குறூப்புக்கு அவன்தான் பொறுப்பு. லண்டன், ரொறொன்ரோ, ஒஸ்லோ என்று நானூறு பேர் இருக்கிறார்கள். எந்தக் கழகம் யாரை வாங்கப்போகுது என்ற வதந்தியில்தான் தொடங்கும். அரை மணித்தியாலத்தில் லேபரா கொன்சர்வேற்றிவ்வா என்று கட்சிச் சண்டையில் வந்து நிற்கும்.

அப்படி வந்து நிற்பதற்கு நானும் கோணேஸ்வரனும்தான் காரணம். வேறு ஒருத்தரையும் குறை சொல்ல ஏலாது.

இன்றைக்கும் நான்தான் தொடங்கினேன். மன்செஸ்டர் யுனைற்றெட்டின் ஆள் ஒருவன் லிவர்பூலுக்கு வரப்போகிறானாம் என்று எடுத்துப் போட்டேன். சுத்தப் பொய் என்று எனக்கே தெரியும்.

கோணேஸின் பதில் இப்படி வந்தது:

"லேபர்காரன் நாடு நடத்துற மாதிரித்தான் அல்பேட் ஆள் எடுக்கிறதும். பந்தும் தெரியாது, பாராளுமன்றமும் தெரியாது. மன்னாரில ஒரு கழுதை குறையுதெண்டு இன்னும் தேடுறாங்களாம். இவன் இஞ்ச டென்மார்க்கில நிக்கிறான்."

குறூப் கொதித்தது. ஊரை இழுத்தது பிழையாம். பிறந்த மண்ணைப் பழித்தது பெரும் பிழையாம்.

மன்னாரைப் படத்தில்கூடப் பார்க்காத பெடியளுக்கு என்னுடைய ஊருக்காக வந்த கோபத்தைப் பார், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ரவுனில் கழுதை நடுறோட்டில் நிற்கும், பஸ்தான் விலத்திப் போகும். இதில் பழிக்க என்ன கிடக்கு?

அவன் என்னைக் கழுதை என்று கூப்பிடத் தொடங்கியது எண்பத்தேழில்.

டென்மார்க்கில் அகதி முகாமில் எங்கள் இரண்டு பேருக்கும் அறை ஒன்று, குளிர்ச்சட்டையும் ஒன்று. வெளியே போகிறவன் போட்டுக்கொண்டு போவான், மற்றவன் கட்டிலில் கிடப்பான்.

சனிக்கிழமைப் பின்னேரம் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாக இருப்போம். டெனிஷ் டீவியில் இங்கிலாந்து மட்ச் காட்டுவார்கள். மொழி வகுப்பில் வாயே திறக்காத நாங்கள் முதலில் பிடித்த டெனிஷ் சொல் 'யோர்னஸ்பார்க்'. கோணர் கிக். முகாம் ஹோலே அதிர இரண்டு பேரும் கத்துவோம்.

என்ன ஒரு காலம் ஐயா அது! கையில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமைகளைப் போல ஒரு சனிக்கிழமை எனக்குப் பிறகு வரவே இல்லை.

இரண்டு பேரும் ஒரே கழகத்தைப் பிடித்தால் சண்டைக்கு ஆள் ஏது? அதனால் நான் லிவர்பூல், அவன் மன்செஸ்டர். பிறகு கட்சியையும் அப்படியே பிரித்துக்கொண்டோம். நான் லேபர், அவன் மற்றது. இங்கிலாந்தில் எங்களுக்கு வோட்டும் இல்லை, ஒரு இரவு போய்ப் படுத்ததும் இல்லை.

நான் பிராண்டேக்குக் காற்றாலை வேலைக்கு வந்தேன். அவன் எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலைக்குப் போனான். கலியாணம், பிள்ளைகள் என்று எல்லாம் ஆச்சு. சண்டையை மட்டும் விடவில்லை.

றொஜிதனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "அண்ணை, இருக்கிறியளா?" என்று திரும்பவும் எழுதினான்.

கோணேஸை எடுத்தால் அவ்வளவுதான். அந்த நானூறு பேருக்கு மட்டும்தான் அவன் இன்னும் வாய்க்காரன்.

"எடுக்காதை தம்பி," என்று எழுதினேன். "எனக்கு ஒரு கோபமும் இல்லை."

கொஞ்சம் பொறுத்துப் பதில் வந்தது.

"சரி அண்ணை. ஆனா அவர் எல்லாருக்கும் முன்னால உங்களிட்ட மன்னிப்புக் கேக்கோணும். மட்ச் தொடங்க முதல்."

நாலு நிமிசம் இருந்தது.

என் போனை மடியில் வைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த கோணேஸின் போனை எடுத்தேன்.

நாலு மாதமாக இதில் எழுதுவதும் நான்தான். பாரிசவாதம் அவனுடைய வலது பக்கத்தையும் பேச்சையும் ஒரேயடியாகக் கொண்டுபோய்விட்டது. அவன் மனிசி சுசீலாதேவிக்கு மட்டும் விசயம் தெரியும். ஒவ்வொரு சனியும் எஸ்பியர்க்குக்குக் கார் ஓடி வந்து, இந்த நேர்சிங் ஹோம் அறையில் அவன் பக்கத்தில் இருந்து, என் போனில் வதந்தியைப் போடுவேன், அவன் போனில் என்னைத் திட்டுவேன். அவன் கேட்டுக்கொண்டு கிடப்பான். எல்லாம் விளங்கும்.

இன்றைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு. அவனுடைய பழைய குரல் காதுக்குள் வந்த உடனே என்னுடைய கை நிற்கவில்லை.

'அல்பேட், நான் எழுதினது பிழை, மன்னிச்சுக்கொள்' என்று தட்டினேன். அனுப்ப முதல் வழமைபோல அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

கோணேஸ் என்னை முறைத்துப் பார்த்தான்.

போர்வைக்குள் இருந்து இடது கை வந்தது. நேர்ஸ்மார் நாலு மாதமாகக் கெஞ்சியும் ஒரு கரண்டிகூடப் பிடிக்காத கை. போனைப் பறித்து நெஞ்சில் வைத்துப் பெருவிரலால் அழித்தான். முதலில் மன்னிப்புப் போனது. பிறகு பிழை போனது. கடைசியில் என் பெயரும் போனது.

நான் விம்மி விம்மி அழுதேன். சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

கண்ணைத் துடைத்துவிட்டு என் போனில் றொஜிதனுக்கு எழுதினேன்.

"கேட்டுப் பார்த்தன் தம்பி. மாட்டானாம். விருப்பமெண்டால் இரண்டு பேரையும் எடு."