சொந்தபந்தத்துக்கு மட்டும்

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

தையல்கடை காதரைக் காட்டி அதிகாரி கேட்டார்.

"தம்பி" என்றாள் அவள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"ஸ்டெல்லா டீச்சர்?"

"நாத்தனா."

"அந்தப் பானிபூரி வண்டிக்காரர்? அவர் பீகார் இல்ல?"

"மருமகப்பிள்ளை. கொஞ்சம் தூரத்துல குடுத்துட்டோம் சார்."

சந்துக்குள் நின்ற கூட்டம் சிரிப்பை விழுங்கியது. கூட்டம் என்றால் பாதித் தமிழ்நாடு. மீதிப் பாதி மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தது.

அந்த மாடியில்தான் அவளுடைய ஆன்டெனாவும் நின்றது.

அது வரும்வரை இந்த மலையடிவாரத்தில் போன் பேசுவதென்றால் புளியமரத்தில் ஏறி, ஒற்றைக்காலில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். வெளியூர் மாமியார்கள் பாவம், மருமகளைத் திட்டுவதற்குக்கூடக் கடுதாசி எழுதினார்கள்.

இப்போது ஊர் முழுக்க அவள் கொடுக்கும் இணையம்.

விதி இதுதான். ஊராருக்கு இணையம் விற்பவர் வருமானத்தில் ஒரு பங்கை அரசின் தொலைத்தொடர்பு நிதிக்குக் கட்ட வேண்டும். சொந்தபந்தத்துக்கு மட்டும் கொடுப்பவருக்கு விலக்கு.

அவள் விலக்கு கேட்டிருந்தாள்.

கிடைக்காவிட்டால் பங்கு கட்டிக் கட்டுப்படியாகாது; ஆன்டெனா பழைய இரும்புக்கு. ஊர் புளியமரத்துக்கு.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார்.

"மேடம், வாய் நிறையக் கூப்பிட்டா சொந்தம் ஆயிடாது. ரத்தம் இருக்கணும். இல்லேன்னா தாலி இருக்கணும்."

"கூப்பிடாம இருந்தா மட்டும் ஆயிருமா சார்?" என்றார் காதர்.

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து டீ வந்தது.

டீ வந்துவிட்டால் அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. செவ்வாய்க்கிரகத்திலிருந்து ஒருவன் இறங்கி வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பாள்.

"சாருக்கு எந்த ஊரு?"

"கரட்டுப்பட்டி."

"கரட்டுப்பட்டியில யாரு வீடு?"

"அரிசி மில்லு வீடு."

"மில்லு அழகுராசாவுக்கு...?"

"எங்கப்பா."

தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மாவுக்குச் சித்தி மகன்ல அவரு! என் சடங்குக்குச் சீர் கொண்டாந்த மாமா! எம்மாம்பெரிய பித்தளை அண்டா! அதுக்குள்ள ஒரு பொடியன் உக்காந்து வந்தானே, அண்டாவை விட்டு இறங்க மாட்டேன்னு அழுதுக்கிட்டு..."

அதிகாரி டீயைப் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

"நான்தான்" என்றார்.

"அடியாத்தி! நம்ம கொழுந்தனா!"

சந்து வெடித்தது. மொட்டைமாடியில் விசிலடித்தார்கள். சிரித்த சிரிப்பில் மலை ரெண்டு அடி பின்னால் நகர்ந்தது.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. மாமன் மகன், அத்தை மகள் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் அவள் மதினிதான். அசல் மதினி.

அவர் அலுவலகத்திலும் ஒரு விதி உண்டு. சொந்தக்காரர் தொழிலை ஆய்வு செய்யக் கூடாது.

பேனாவை மூடினார்.

"இதை நான் பாக்கக் கூடாது. வேற ஆளை அனுப்புவாங்க. அதுவரைக்கும் ஆன்டெனா ஓடலாம்."

சிரிப்பு அடங்கிவிட்டது.

வேறு ஆள் என்றால் வேறு ரத்தம். ஸ்டெல்லா டீச்சர் எப்படி நாத்தனார் என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்கும் ரத்தம்.

அவள் அண்ணாந்து ஆன்டெனாவைப் பார்த்தாள்.

அவர் பைக்கில் ஏறினார். ஹெல்மெட்டை மாட்டினார்.

கழற்றினார்.

"அடுத்து ஒரு மேடம் வருவாங்க" என்றார், பைக் கண்ணாடியைச் சரிசெய்தபடி, அந்தக் கண்ணாடியிடமே சொல்வதுபோல. "அப்பா வழி பூதிப்பட்டி. அம்மா வழி சங்கரன்குளம்."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

புழுதி அடங்கியது.

பானிபூரிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பூதிப்பட்டியில நம்ம ஆளு யாரு இருக்கு?"